பழைய ஹேட்ச்பேக் வாங்கப் போகிறீர்களா? முதலில் பின்கதவைத் திறந்து பாருங்கள்

புதிய நாட்டில் வந்து இறங்கியவர்களுக்குக் கார் அவசரமாகத்தான் தேவைப்படும். விற்பவர் அதை நம் முகத்தைப் பார்த்தே கண்டுகொள்வார். ஆகவே நேரம் எடுத்துக்கொண்டு, பகல் வெளிச்சத்தில், மழை இல்லாதபோது பாருங்கள். ஈரமான பெயின்ட்டில் கீறலும் நிற வேறுபாடும் தெரியாது.

என்ஜின் ஆறியிருக்க வேண்டும். பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள். ஏன் என்று கேளுங்கள். சூடான என்ஜின் தன் குறைகளை மறைத்துவிடும். ஸ்டார்ட் செய்து புகைக்குழாயைப் பாருங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகையில் மட்டும் நிதானம் தேவை: குளிர்நாட்டில் காலையில் சிறிது நேரம் வருவது வெறும் நீராவி. என்ஜின் நன்றாகச் சூடான பிறகும் அடர்த்தியாக வந்துகொண்டிருந்தால் ஹெட் கேஸ்கெட் (என்ஜினின் மேல்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) பழுதாகியிருக்கலாம். ஆயில் மூடியின் அடியில் வெளிறிய பசை படிந்து, என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவமும் குறைந்திருந்தால் சந்தேகம் வலுக்கிறது. கழுவிப் பளபளக்கும் என்ஜினைக் கண்டு நான் மகிழ்வதில்லை; கசிவின் தடயமும் சேர்ந்து போயிருக்கும்.

இனி, பலரும் எட்டிப் பார்க்காத பின்பக்கம். ஹேட்ச்பேக்கில் கண்ணாடியோடு சேர்த்து மேலே தூக்கும் பின்கதவுக்குப் போகும் ஒயர்கள் கீல் அருகே ஒரு ரப்பர் குழாய்க்குள் செல்கின்றன. கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் அவை மடங்கி, நாளடைவில் உள்ளே அறுந்துபோகும். பின் வைப்பர், கண்ணாடிச் சூடேற்றி, நம்பர் பிளேட் விளக்கு, கதவுப் பூட்டு எல்லாவற்றையும் இயக்கிப் பாருங்கள். கதவைத் தூக்கி விட்டால் தானாக நிற்க வேண்டும். இறங்கினால் தாங்கு கம்பிகளில் வாயு போய்விட்டது. அது சிறு செலவுதான். பெரிய செலவு கம்பளத்துக்கு அடியில் இருக்கிறது. ஸ்டெப்னி வைக்கும் குழியில் தண்ணீரோ துருவோ இருந்தால் ரப்பர் பட்டையோ விளக்குகளின் ஓரமோ கசிகிறது. அந்த உலோகம் நெளிந்தோ, புதிதாக வெல்டிங் செய்த அடையாளத்துடனோ இருந்தால் பின்னால் இடி வாங்கிய வண்டி. அதை நான் வாங்கமாட்டேன். பனிக்கு உப்புத் தூவும் நாடென்றால் குனிந்து கதவுகளுக்குக் கீழுள்ள விளிம்பையும் சக்கர வளைவுகளையும் பாருங்கள்.

ஓட்டும்போது ரேடியோவை அணைத்துவிடுங்கள். ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பி மெதுவாகப் போகையில் டக் டக் என்று கேட்டால் சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்ட்டின் மூட்டு தேய்ந்திருக்கிறது. உயர்ந்த கியரில் அழுத்தும்போது என்ஜின் வேகம் மட்டும் ஏறி வண்டி ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட் உள்ள என்ஜினில் அதை மாற்றியதற்கான ரசீதைக் கேளுங்கள், வாய்வார்த்தை போதாது. ஓடும்போது அறுந்தால் பல என்ஜின்களில் வால்வுகள் வளைந்துவிடும்.

சாவியைத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்குகள் எரிந்து, என்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். எரியவே எரியாத விளக்குதான் சந்தேகத்துக்குரியது. டயரின் பக்கத்தில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்கள் 2319 என்றிருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது.

கடைசியாக, வண்டியில் பொறித்திருக்கும் 17 எழுத்து அடையாள எண் ஆவணத்தில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். பல நாடுகளில் பழைய உரிமையாளரின் கடன் தீராத வண்டியைக் கடன் கொடுத்தவர் எடுத்துச் செல்லவும் முடியும். எனவே வண்டியின் மேல் கடன் பாக்கி இருக்கிறதா என்று தேடிப் பார்க்காமல் முன்பணமும் கொடுக்காதீர்கள். சுயேச்சையான மெக்கானிக்கிடம் காட்ட விற்பவர் மறுத்தால் அடுத்த வண்டியைப் பார்க்கப் போங்கள்.