ஒரே பதிவெண்ணில் மூன்று நூல்கள்: பள்ளி நூலக இருப்பை எப்படிச் சரிசெய்வது?

கேள்வி: தமிழாசிரியை, திருவாரூர் மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் இடையில் உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பணிபுரிகிறேன். எங்கள் பள்ளியில் நூலகர் பணியிடம் இல்லை. கடந்த சூன் மாதம் முதல் நூலகம் என் கூடுதல் பொறுப்பில் உள்ளது. நான்கு இரும்பு பீரோக்கள், இரண்டு மர அலமாரிகள், ஏறத்தாழ 2,600 நூல்கள், ஓர் இருப்புப் பதிவேடு ஆகியவையே எங்கள் நூலகம்.

முறைப்படி பொறுப்பேற்பதற்காகப் பதிவேட்டை வைத்துக்கொண்டு நூல்களைச் சரிபார்க்கத் தொடங்கி, மூன்றாம் நாளே திகைத்து நின்றுவிட்டேன். 212 என்ற எண்ணுக்குப் பதிவேட்டில் இருப்பது ஒரு நீதிக்கதைத் தொகுப்பு. பீரோவில் அதே எண்ணுடன் நெல் சாகுபடிக் கையேடு ஒன்று இருக்கிறது. மர அலமாரியில் ஆங்கில இலக்கண நூல் ஒன்றும் 212 என்றே சொல்கிறது. இதுவரை இவ்வாறு 140 எண்கள் அகப்பட்டுள்ளன. இவை போதாதென்று, 2018 நவம்பரில் கஜா புயல் ஓட்டைப் பிரித்துக்கொண்டு போனபோது நனைந்த நூல்கள் ஒரு மூலையில் பூசணம் பூத்துக் கிடக்கின்றன.

எல்லாவற்றுக்கும் 1 முதல் புதிய எண் கொடுத்துவிடலாமா? கெட்டுப்போனவற்றைப் பழைய தாள் கடையில் போட்டுவிடலாமா?

பதில்: கணினி ஆசிரியர், நாகப்பட்டினம்

புதிய பதிவேடு ஒன்றைத் தொடங்கி, 1 முதல் எண் கொடுத்து, கணினியில் ஏற்றிவிடுங்கள் அம்மா. இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். பழைய பதிவேட்டோடு போராடுவது வீண் வேலை.

பதில்: ஓய்வு பெற்ற நூலகர், கும்பகோணம்

நண்பர் சொல்வது எளிய வழிதான். ஆனால் தணிக்கை நாளில் அது அம்மாவின் தலையில் வந்து விடியும். இருப்புப் பதிவேடு என்பது நூற்பட்டியல் அன்று; அது பள்ளியின் சொத்துக் கணக்கு. எந்த நாளில், எந்த நிதியில், என்ன விலைக்கு வாங்கப்பட்டது என்பதெல்லாம் அந்தப் பழைய எண்ணுக்கு நேராகத்தான் இருக்கிறது. எண்ணை மாற்றிய கணமே நூலுக்கும் கணக்குக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும். அதன் பிறகு காணாமல் போன நூல் எது, எண் மாறிய நூல் எது என்று எவராலும் சொல்ல இயலாது.

எண் இரட்டிப்பதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தாம் இருக்கும்: ஒரு காலத்தில் இரண்டு பதிவேடுகள் இருந்திருக்க வேண்டும், அல்லது கழித்த, அதாவது கணக்கிலிருந்து நீக்கிய, நூலின் எண்ணைப் புதிய நூலுக்குக் கொடுத்திருக்க வேண்டும். எது என்பதை முத்திரையே சொல்லிவிடும். 212 என்ற மூன்று நூல்களையும் மேசையில் வைத்து, தலைப்புப் பக்கத்தையும், எண் குறிக்கப்பட்டிருக்கும் இரகசியப் பக்கத்தையும் (நூலகம் தன் அடையாளத்துக்கென்று தேர்ந்துகொள்ளும் உட்பக்கம்) திறந்து பாருங்கள். முத்திரையின் வடிவத்தையும், அதிலுள்ள பள்ளிப் பெயரையும், எழுதியவரின் கையெழுத்தையும் எழுதி அனுப்புங்கள்.

கேட்டவர்

ஐயா, நீங்கள் சொன்னபடியே பார்த்தேன். நெல் சாகுபடிக் கையேட்டில் ஊதா மையில் வட்ட முத்திரை. பாதி அழிந்திருந்தாலும் "நடுநிலைப் பள்ளி" என்பது தெரிகிறது. மற்ற இரண்டிலும் நீள்சதுர முத்திரை, "உயர்நிலைப் பள்ளி". பள்ளி தரம் உயர்த்தப்பட்டபோது புதிய பதிவேடு தொடங்கியிருக்கிறார்கள் போலும். பழைய பதிவேடு, வருகைப் பதிவேடுகளை வைத்திருந்த தகரப் பெட்டியின் அடியில் இருந்தது. ஓரம் கரையான் அரித்திருக்கிறது, எண்கள் தப்பித்துவிட்டன. அதைக் கொண்டு 117 எண்கள் தெளிந்துவிட்டன.

மீதி 23 எண்களில் இரண்டு நூல்களுக்கும் ஒரே முத்திரை. பதிவேட்டில் பழைய பெயரைச் சிவப்பு மையால் அடித்து, "கழிவு" என்று எழுதி, அதன் மேலேயே புதிய பெயரை எழுதியிருக்கிறார்கள். 212-இலும் அதுதான் நடந்திருக்கிறது. கழிக்கப்பட்ட இலக்கண நூல் இன்னும் அலமாரியிலேயே இருக்கிறது!

பதில்: ஓய்வு பெற்ற நூலகர், கும்பகோணம்

இரண்டு காரணங்களும் சேர்ந்தே இருக்கின்றன. முதல் வகைக்கு எண்ணைத் தொடவே வேண்டாம். வட்ட முத்திரை நூல்களுக்கு முன்னால் "ந" என்றும் மற்றவற்றுக்கு "உ" என்றும் ஓர் எழுத்தைச் சேர்த்துவிட்டால் ந212 வேறு, உ212 வேறு ஆகிவிடும்.

இரண்டாம் வகையில், எண் முதலில் எந்த நூலுக்குக் கொடுக்கப்பட்டதோ அதற்கே உரியது. அந்நூல் கழிந்தாலும் எண்ணும் அதனோடு கழிந்ததாகவே கொள்ள வேண்டும். பின்னால் வந்து அமர்ந்த நூலைப் பதிவேட்டின் கடைசி வரிசையில் புதிய எண்ணில் வரவு வைத்து, இரண்டு இடங்களிலும் குறிப்புக் கட்டத்தில் ஒன்றையொன்று சுட்டி, தலைமையாசிரியரின் சுருக்கொப்பம் வாங்கிவிடுங்கள். வெள்ளை மை பூசி அழிக்க வேண்டாம். ஒற்றைக் கோடு போதும், அடியில் இருப்பது படிக்கும்படி இருக்க வேண்டும்.

பதில்: பொது நூலக ஊழியர், மயிலாடுதுறை

கழிவைப் பற்றி ஒரு சொல். பழைய தாள் கடைக்கு நேராகப் போகவே கூடாது. தலைமையாசிரியரும் இரண்டு ஆசிரியர்களும் கொண்ட குழு பார்த்து, எண், பெயர், விலை, கழிக்கும் காரணம் ஆகியவற்றுடன் பட்டியல் எழுதி, மேலலுவலகத்தின் எழுத்து வழியான அனுமதி வந்த பின்னரே நூல் வெளியேற வேண்டும். அலமாரியில் உயிரோடு இருக்கும் அந்த இலக்கண நூலையும் இந்தப் பட்டியலில் சேர்த்து, "கழிவு" முத்திரை இட்டு அனுப்புங்கள்.

பூசண நூல்களை இன்றே மற்றவற்றிலிருந்து பிரித்துவிடுங்கள். ஐப்பசி ஈரத்தில் பூசணம் அடுத்த தட்டுக்குப் பரவ அதிக நாள் ஆகாது. வெயிலில் போடாமல், காற்றோட்டமான நிழலில் விரித்து வைத்து நன்றாகக் காய்ந்த பிறகு, முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு வெளியில் வைத்துத் தூரிகையால் தட்டுங்கள். பிள்ளைகளை இந்த வேலைக்கு அழைக்க வேண்டாம். தாள் ஒட்டிக் கட்டியாகிப் போனவற்றைக் கழிவுப் பட்டியலில் எழுதலாம்.

கெட்டுப்போனதை மட்டும் கழிப்பது பாதி வேலைதான். உங்கள் நெல் சாகுபடிக் கையேட்டைத் திறந்து பாருங்கள். எண்டோசல்பான் பூச்சிமருந்தைத் தெளிக்கச் சொல்லியிருந்தால், 2011-இல் உச்ச நீதிமன்றம் தடை செய்த மருந்தை உழவர் வீட்டுப் பிள்ளையின் கையில் கொடுக்கிறோம் என்று பொருள். அட்டை புதிதாக இருந்தாலும் அதுதான் முதலில் வெளியேற வேண்டும். திருவாரூரைத் தஞ்சை மாவட்டத்தில் காட்டும் பாட நிலப்படத் தொகுப்பும் அவ்வாறே.

பதில்: பதிப்பக மெய்ப்புத் திருத்துநர், தஞ்சாவூர்

ஒரு மறுப்பு. பழையது என்பதற்காகவே கழிக்கத் தொடங்கினால் முதலில் அடிபடுவது 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களாக இருக்கும். கொம்பு வளைந்த லை, ளை பிள்ளைகளுக்குப் புரியாது என்று எங்கள் ஊர்ப் பள்ளியொன்றில் ஒரு சாக்கு நிறையக் கழித்தார்கள். பத்து நிமிடம் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் படித்துவிடுவார்கள். சோவியத் நாட்டில் அச்சிட்டு வந்த தமிழ்ச் சிறுவர் நூல்கள் இருந்தால் அவற்றையும் விட்டுவைக்க வேண்டுகிறேன். நாடு போய்விட்டது, கதையும் படமும் போகவில்லை.

பதில்: பொது நூலக ஊழியர், மயிலாடுதுறை

ஒப்புக்கொள்கிறேன். தகவல் நூலுக்குச் சொன்னதைக் கதை நூலுக்குப் பொருத்தக் கூடாது.

கேட்டவர்

அடுக்கும் முறை பற்றியும் சொல்லுங்கள் ஐயா. இப்போது உயர வரிசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன.

பதில்: ஓய்வு பெற்ற நூலகர், கும்பகோணம்

நூல்களைப் பொருள்வாரியாகப் பிரித்து எண் கொடுக்கும் கோலன் பகுப்பு முறையை 1933-இல் தந்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் சீர்காழியில் பிறந்தவர்; நம் மண்ணின் முறையைக் கைவிடுகிறேனே என்று எனக்குச் சற்று வருத்தம்தான். ஆனாலும் 2,600 நூல்களுக்கு அதே வேலையைச் செய்யும் டியூயி தசமப் பகுப்பே கைக்கு எளிது. தமிழ் மொழி 494.811, தமிழ் இலக்கியம் 894.811, வேளாண்மை 630, தமிழக வரலாறு 954.82. புள்ளிக்குப் பின் இதற்கு மேல் நீட்ட வேண்டாம்.

ஆசிரியர் பெயரில் கவனம் தேவை. தலைப்பெழுத்தை முன்னால் வைத்து அடுக்கினால் உ.வே.சா. ஓரிடத்திலும், டாக்டர் சாமிநாதையர் ஓரிடத்திலும், சாமிநாத ஐயர் இன்னோரிடத்திலும் கிடப்பார். "சாமிநாதையர், உ. வே." என்று ஒரே வடிவத்தை முடிவு செய்து எல்லாச் சீட்டிலும் அதையே எழுதுங்கள். எண் சீட்டை ஒட்ட மைதாப் பசை வேண்டாம்; கரப்பானுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் அது விருந்து.

பதில்: கணினி ஆசிரியர், நாகப்பட்டினம்

புதிய எண் கொடுக்கச் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கணினிப் பட்டியலுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன்: யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் யூனிகோடு கொடுத்திருக்கும் குறியீட்டு எண் வரிசைப்படி அடுக்கும் மென்பொருளில் "ன" எழுத்து "ந"வை அடுத்தும், "ற" எழுத்து "ர"வை அடுத்தும் வந்துவிடும். நம் நெடுங்கணக்கிலோ இரண்டும் கடைசி. பதிவெண் வரிசையில் ஒரு படியை எப்போதும் தனியே வைத்துக்கொண்டால் தேடும்போது குழப்பம் வராது.

கேட்டவர்

ந-வரிசையில் 640 வரை முடித்துவிட்டேன். கழிவுப் பட்டியலில் இதுவரை 88 நூல்கள். நெல் சாகுபடிக் கையேட்டில் நீங்கள் சொன்ன மருந்து இருந்தது. ஒரு நூல் மட்டும் எந்தப் பதிவேட்டிலும் இல்லை, முத்திரையும் இல்லை. முதல் தாளில் "கட்டுரைப் போட்டி, முதல் பரிசு, 1974" என்ற சீட்டும், அதன் கீழே ஒரு மாணவியின் பெயரும் உள்ளன. நன்கொடை என்று வரவு வைக்கலாமா?

பதில்: ஓய்வு பெற்ற நூலகர், கும்பகோணம்

வேண்டாம் அம்மா. அது நூலகத்தின் நூலே அன்று. ஊரில் விசாரித்துப் பாருங்கள்.

கேட்டவர்

மேலத்தெருவில் அந்தப் பெயரில் ஒரு பாட்டி இருப்பதாகச் சத்துணவு அமைப்பாளர் சொல்கிறார். சனிக்கிழமை எடுத்துக்கொண்டு போகிறேன் ஐயா.