மார்ட்டினி கார்பைனின் கட்டையை இழைக்கலாமா?

தென்பெண்ணை, காவேரிப்பட்டணம்:

பாகப்பிரிவினையில் என் பங்குக்கு ஒரு பழைய மார்ட்டினி-ஹென்றி கார்பைன், அதாவது குதிரைப்படைக்கான குட்டைத் துப்பாக்கி, வந்திருக்கிறது. சுடும் ஊசி நீக்கப்பட்டு, குழலின் பின்வாயை மூடும் பிளாக் அசையாதபடி வெல்டு செய்யப்பட்டு, அதற்குரிய ஆவணத்துடன் இருப்பதால் சட்டம் குறித்து இங்கே கேட்கவில்லை. உலோக உடலின் வலப்பக்கத்தில் மகுடமும் வி.ஆர். (விக்டோரியா அரசி) என்னும் எழுத்துகளும், அவற்றின் கீழே என்ஃபீல்டு, 1879, ஐ.சி.1 என்பனவும் பொறிக்கப்பட்டுள்ளன. அடிக்கட்டை முழுவதும் கறுத்துப் பிசுபிசுக்கிறது. ஆண்டுதோறும் ஆயுத பூஜையன்று தேங்காய் எண்ணெய் பூசிச் சந்தனமும் குங்குமமும் இட்டு வந்ததால், கட்டையும் இரும்பும் சேரும் இடுக்கில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு படிவு கெட்டியாக நிற்கிறது. முன்கட்டை மட்டும் நிறத்தில் வேறுபட்டுத் தெரிகிறது. இதில் எவை அசல் உறுப்புகள், கட்டையை எப்படிச் சுத்தம் செய்வது என்று அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன். எங்கள் ஊர் மரவேலைக்காரர் உப்புத்தாள் போட்டு மெலமைன் பாலிஷ் அடித்துத் தருவதாகச் சொல்கிறார்.

பாலக்கோடு ஆசாரி:

உங்கள் ஊர்க்காரர் சொல்வதில் தவறில்லை, தம்பி. தேங்காய் எண்ணெய் மரத்தில் ஒருபோதும் காயாது. அது உள்ளே ஊறிக்கொண்டே போய், தூசியையும் அடுப்புப் புகையையும் பிடித்து வைத்துக்கொள்ளும். இரும்பை ஒட்டிய இடத்தில் மரம் நகம் பட்டாலே பள்ளமாகும் அளவுக்கு மெத்தென்று ஆகியிருந்தால், மேல்தோலை எடுத்து நல்ல மரத்தைக் காணாமல் வேறு வழியில்லை. 120ஆம் எண் தாளில் தொடங்கி 320 வரை வந்து, சீலர் இட்டு, மேலே மெலமைன் அடித்தால் அடுத்த தலைமுறை வரை கவலையில்லை. முன்கட்டை எப்படியும் மாற்றப்பட்டது என்கிறீர்கள். பாதி உருப்படி ஏற்கெனவே அசல் இல்லாதபோது, மீதிப் பாதியின் அழுக்கைப் போற்றிப் பாதுகாப்பதில் என்ன பொருள் இருக்கிறது?

மத்திகிரி:

ஆசாரி ஐயா மரத்தைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் இது மேசையோ கதவோ அன்று. இந்தக் கார்பைனின் அடிக்கட்டையில், வலப்பக்கத்தில், தொழிற்சாலையின் வட்ட முத்திரை அடிக்கப்பட்டிருக்க வேண்டும். அது செதுக்கப்பட்டதன்று, மரநாரை அழுத்திப் பதித்தது, ஆழம் மிகக் குறைவு. 120ஆம் எண் தாளை நான்கு முறை இழுத்தால் அது போய்விடும், பிறகு எந்தப் பாலிஷும் அதைத் திரும்பக் கொண்டுவராது. ஊத்தங்கரைப் பக்கத்து நடுகற்களைச் 'சுத்தம்' செய்வதாக எழுத்தைத் தேய்த்துவிட்டு, பிறகு இது யாருடைய கல் என்று கேட்பதற்கு ஒப்பானது இது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தொழிற்சாலையில் கட்டையை இரும்புக்குச் சமமாகவோ ஓர் இழை மேலாகவோ நிற்கும்படி பொருத்தினார்கள். இழைத்த கட்டை இரும்பைவிடத் தாழ்ந்துவிடும். அந்தப் படியை விரல் நுனியால் தடவிப் பார்த்தே இது இழைக்கப்பட்டது என்று அறிந்தவர் எவரும் சொல்லிவிடுவார். இரும்பை ஒட்டியுள்ள கறுப்பு முழுவதும் அழுக்கு என்று கருதவும் கூடாது. வால்நட் மரத்தின் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கருநீலக் கறை உண்டாகும். அது மரத்துக்குள்ளேயே இருப்பதால் அதை எடுக்க மரத்தைத்தான் எடுக்க வேண்டியிருக்கும். அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

பாலக்கோடு ஆசாரி:

முத்திரை, முத்திரை என்கிறீர்கள், ஐயா. அது கண்ணுக்குத் தெரிந்தால் அல்லவா காப்பாற்றுவதற்கு? முதலில் இது இங்கிலாந்தின் என்ஃபீல்டு தொழிற்சாலையில் செய்த பொருளா என்பதையே நான் ஐயுறுகிறேன். ஆப்கன் எல்லையில் கைபர் கணவாய்ப் பட்டறைகளில் இதே மகுடத்தையும் இதே எழுத்துகளையும் வெட்டி ஆயிரக்கணக்கில் செய்து விற்றார்கள். அப்படிப்பட்ட நகலாக இருந்தால், இல்லாத முத்திரைக்காகக் கட்டையைப் பிசுபிசுப்பாகவே வைத்திருக்கச் சொல்கிறீர்கள். உறுப்புகளில் வரிசை எண்கள் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

மத்திகிரி:

ஐயம் நியாயமானது, ஆனால் வரிசை எண்ணைக் கொண்டு இதைத் தீர்க்க முடியாது. என்ஃபீல்டு தொழிற்சாலையில் ஒரு துப்பாக்கியின் உறுப்பு மற்றொன்றிலும் தடையின்றிப் பொருந்த வேண்டும் என்ற முறையில்தான் இவற்றைச் செய்தார்கள். ஆகவே ஒவ்வோர் உறுப்பிலும் ஒரே எண்ணைத் தேடுவதைவிட, ஒவ்வோர் உறுப்பிலும் சோதனையாளரின் சிறிய மகுடக் குறி இருக்கிறதா என்று தேடுவதே பயன் தரும். லீவரிலும், விசைக் காப்பிலும், பிளாக்கிலும், குழலின் அடியிலும், அடிக்கட்டையின் பித்தளையோ இரும்போ ஆன தகட்டிலும் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஒன்றில் இல்லாவிட்டால் அந்த உறுப்பு மட்டும் ஐயத்துக்குரியது. முழுத் துப்பாக்கியும் அன்று.

கைபர் நகலைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் எழுத்துதான். ஆங்கிலம் படிக்கத் தெரியாத கைவினைஞர் வெட்டியதால் 'என்' எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பியிருக்கும், என்ஃபீல்டு என்பதிலேயே ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கும், வரி நேராக இராது. விக்டோரியா அரசி 1901 ஜனவரியில் இறந்த பிறகும் வி.ஆர். என்று பொறித்து 1905, 1910 என ஆண்டு போட்டவையும் உண்டு. உங்களுடையது 1879 என்பது குறைந்தபட்சம் முரண்படவில்லை. குதிரைப்படைக் கார்பைனின் முதல் மாதிரி 1877இல்தான் ஏற்கப்பட்டது.

அடுத்ததாக, காலாட்படைத் துப்பாக்கியை வெட்டிக் கார்பைன் என்று ஏமாற்றுவதும் வழக்கம். நீளத் துப்பாக்கியின் குழல் 33 அங்குலத்துக்குச் சற்று மேல். கார்பைனுக்கு 21 அரை அங்குலத்திலும் சற்றுக் குறைவு. நீளமான குழலை நடுவில் அறுத்தால் அறுத்த வாய் தடித்து நிற்கும், குறிபார்க்கும் முன்குறியை மீண்டும் பற்றவைத்த தடமும் தெரியும். அசல் கார்பைனில் முன்குறியின் இருபுறமும் காப்புச் சிறகுகள் இருக்கும். பிளாக் மூடிய நிலையில் வாய் வழியாக மரக்குச்சியை விட்டு நீளத்தை அளந்து கூறுங்கள், தம்பி. விளக்கு அடித்துப் பார்த்தால் உள்ளே குண்டைச் சுழற்றும் ஏழு வரிப்பள்ளங்கள் தெரிய வேண்டும். எடின்பரோவின் அலெக்சாண்டர் ஹென்றி வகுத்த முறை அது.

தென்பெண்ணை:

இருவருக்கும் நன்றி. குச்சி 21 அங்குலத்தைத் தாண்டி, 21 அரை அங்குலக் கோட்டை எட்டாமல் நிற்கிறது. வரிப்பள்ளங்கள் ஏழு. எழுத்துகள் நேராகவும் பிழையின்றியும் உள்ளன. சிறிய மகுடக் குறி லீவரிலும் குழலிலும் தெளிவாகவும், விசைக் காப்பில் மங்கலாகவும் தெரிகிறது.

முன்கட்டையை இறக்கிப் பார்த்தேன். குழல் அமரும் பள்ளத்தில் அரைவட்ட உளியின் தடங்கள் மீன்செதிள்போல வரிசையாக இருக்கின்றன. மரத்தின் வெட்டுமுகம் ஊதா கலந்த கருமையாகவும், அடிக்கட்டையைவிடக் கனமாகவும் இருப்பதால் ஈட்டி மரம் என்று தோன்றுகிறது. மத்திகிரிப் பண்ணையில் பட்டாளத்துக்குக் குதிரை வளர்த்த காலத்தில் அங்கிருந்து வந்த கார்பைன் இது என்று வீட்டில் சொல்வார்கள்.

மத்திகிரி:

அடிக்கட்டையும் இரும்பும் என்ஃபீல்டினுடையவை, முன்கட்டை உள்ளூர்க் கைவேலை என்றே கொள்ளலாம். தொழிற்சாலையில் பள்ளத்தை இயந்திரம் குடைந்திருக்கும். உளித்தடம் வரிசையாக இராது. பண்ணைக் கதையைப் பற்றி ஒரு சொல். நான் அந்தப் பண்ணையின் அருகில் வசிப்பவன், அது உண்மையாக இருந்தால் மகிழ்வேன். ஆனால் குதிரை இருந்த இடத்தில் குதிரைப்படைக் கார்பைன் இருந்தது என்பது ஊகமே. 1857க்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கு வெள்ளையர் படையைவிட ஒரு தலைமுறை பழைய ஆயுதத்தையே கொடுத்து வந்தார்கள் என்பதால், 1879இல் செய்த கார்பைன் இந்தியக் கைகளுக்கு வரப் பல ஆண்டுகள் கழிந்திருக்கும். எழுத்துச் சான்று கிடைக்கும்வரை அதைக் குடும்பச் செய்தியாகத் தனியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இனிச் சுத்தம். டர்பன்டைனில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியால் சிறு பகுதியாகத் துடையுங்கள். தின்னரோ காஸ்டிக் சோடாவோ வேண்டாம், தண்ணீர் ஊற்றிக் கழுவவும் வேண்டாம். இடுக்கில் உள்ள சந்தனப் படிவை மூங்கில் குச்சியால் நெருடி எடுங்கள். அது ஈரத்தை வாங்கி இரும்பில் துருவேற்றும் என்பதால், பூசையின் நினைவு என்று விட்டுவைக்க நான் உடன்பட மாட்டேன். எண்ணெய் ஊறிய இடத்தில் சுண்ணக்கட்டித் தூளை டர்பன்டைனில் குழைத்து அப்பிக் காயவிட்டால், அது எண்ணெயை உறிஞ்சிப் பழுப்பாகும். தட்டிவிட்டு மறுபடி அப்பலாம்.

பாலக்கோடு ஆசாரி:

சுண்ணக்கட்டி வேலை செய்யும், அதை நானும் செய்திருக்கிறேன். அடிக்கட்டைக்கு உப்புத்தாள் வேண்டாம் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். குறிகள் இருப்பது தெரிந்த பிறகு வாதாட இடமில்லை. ஆனால் இரண்டு இடங்களில் நான் விடுவதாக இல்லை. கட்டையில் அடிபட்டு உள்வாங்கிய பள்ளங்களை ஈரத்துணி விரித்து இஸ்திரிப் பெட்டியால் ஒற்றி எடுத்தால் நார் தானே உப்பி வரும், மரம் ஒரு துளியும் குறையாது. மற்றது, ஈட்டி முன்கட்டையையாவது நன்றாக இழைத்து, அடிக்கட்டையின் நிறத்துக்குச் சாயம் கொடுத்துப் பாலிஷ் செய்ய விடுங்கள். கூடத்தில் மாட்டுகிற பொருள் இரண்டு நிறத்தில் தொங்குவது பார்ப்பதற்கு நன்றாக இல்லை.

மத்திகிரி:

இஸ்திரிப் பெட்டியை முத்திரை உள்ள பக்கத்தில் மட்டும் வைக்கவே கூடாது, ஐயா. பள்ளமும் அழுந்திய நார்தான், முத்திரையும் அழுந்திய நார்தான். ஆவி இரண்டையும் ஒன்றுபோல உப்ப வைத்துவிடும். இடப்பக்கத்தில் செய்யுங்கள், மறுப்பில்லை. முன்கட்டைக்குச் சாயம் கொடுப்பதை ஒப்ப மாட்டேன். நம் மாவட்டத்து ஆசாரி ஒருவர் அளவுக்கருவி ஏதுமின்றி அந்தக் குழலுக்குப் பள்ளம் குடைந்திருக்கிறார். அதை வால்நட் போல வேடமிட்டால் அடுத்து வாங்குபவரை ஏமாற்றுவதும் ஆகும், அவருடைய வேலையை மறைப்பதும் ஆகும்.

தென்பெண்ணை:

அடிக்கட்டையின் வலப்பக்கத்தில் ஒரு மூலையை மட்டும் டர்பன்டைனால் துடைத்தேன். துணி தேயிலைச் சாயம் போல வந்தது. வட்டக் கோட்டின் கால்பகுதியும், அதனுள் இரண்டு எழுத்துகளும் தெரிகின்றன. மெலமைன் வேண்டாம் என்று மரவேலைக்காரரிடம் சொல்லிவிட்டேன். முன்கட்டைக்குச் சாயம் இல்லை. துடைத்து மெழுகு மட்டும் பூசப்போகிறேன். ஆசாரி ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பாலக்கோடு ஆசாரி:

பொருள் உங்களுடையது, தம்பி. மெழுகு ஈட்டிக்கு நன்றாகவே எடுக்கும். அடிக்கட்டைக்கு லின்சீட் ஆயில்தான் (ஆளிவிதை எண்ணெய்) போடப்போகிறீர்கள் என்றால் கடையில் கேட்டவுடன் காய்ச்சிய டபுள் பாயில்டு கொடுப்பார்கள், அது வேண்டாம்; பட்டாளத்தில் பச்சையாக இருந்த எண்ணெயைத்தான் தேய்த்தார்கள், அது காய நாளாகும் என்றாலும் கெட்டியாகப் படியாது. உள்ளங்கையில் நாலு சொட்டு எடுத்துச் சூடு பறக்கத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீர் வாளியில் அமுக்கி வையுங்கள், இல்லையேல் வெளியே கொடியில் விரித்துப் போடுங்கள்.