பாசிசமும் சர்வாதிகாரமும்: கோடு எங்கே?

கேள்வி (அரூர்): ஞாயிறு வாசிப்பு வட்டத்துல பேசணும், பிளஸ் டூ பசங்களும் வருவாங்க. எல்லா ராணுவ ஆட்சியும் பாசிசமா?

பதில் (ஓசூர்): இல்லைங்க. ஆட்சி மக்களை வீட்டுக்குள்ள அடைக்குதா, தெருவுக்கு இழுக்குதான்னு முதல்ல பாருங்க. 1973-ல சிலியில் ராணுவத் தளபதி பினோசே ஆட்சியைப் பிடிச்சு நாடாளுமன்றத்தைக் கலைச்சு, கட்சிகளை முடக்கி, ஜனங்களை அரசியலை விட்டே ஒதுக்கினார். இத்தாலியில பாசிசத்தைத் தொடங்கின முசோலினி இதுக்கு நேர்மாறு: அவர் ஆட்சிக்கு வர்றதுக்கு முன்னாடியே கட்சிக்குன்னு ஒரு அடியாள் படை இருந்தது. வட இத்தாலியில போ ஆத்துச் சமவெளியில விவசாயச் சங்க அலுவலகங்களைக் கொளுத்தினாங்க. 1926-ல உருவான பலில்லாங்கற சிறுவர் அமைப்பு எட்டு வயசுப் பையனுக்கே சீருடை மாட்டி அணிவகுக்க வெச்சது. முசோலினியோட அடியாள் படைக்கும் கருஞ்சட்டைன்னுதான் பேரு. நம்ம ஊர்ல அது பெரியார் தொண்டர்களோட சட்டை, பசங்க குழம்பிடாம முதல்லயே சொல்லிடுங்க.

பதில் (பாலக்கோடு): தேர்தல், சட்டம்னு முறைப்படி வந்தா பாசிசம் இல்லைன்னு யாராவது சொல்லுவாங்க. 1922-ல முசோலினியைப் பிரதமராக்கினது மன்னர். அடுத்த வருஷம் அச்செர்போ சட்டம்: 25 சதவீத வாக்கோடு முதலிடம் வந்தாலே மூன்றில் இரண்டு பங்கு இடம். சட்டப்படியேதான் நடந்தது.

பதில் (காவேரிப்பட்டணம்): எதிர் உதாரணமும் வேணும். போர்ச்சுகல்ல சலசார் 1934-ல நீலச்சட்டைங்கற பாசிச பாணி இயக்கத்தைத் தடை செஞ்சார். ருமேனியாவுல அந்தோனெஸ்கு, 1941 ஜனவரியில் இரும்புக் காவல் படைங்கற பாசிச இயக்கத்தை ராணுவத்தை ஏவி நசுக்கினார். ரெண்டு பேருமே கொடுங்கோலர்கள்தான். ஆனா தெருவுல திரண்ட கூட்டம் அவங்களுக்கே ஆபத்தாத் தெரிஞ்சது.