மறு: பசுமைக் கணிமை – பி.யூ.இ.-க்குத் தமிழ்ச் சொல்

> நம் கலைச்சொல் அகராதிக்கு 'கிரீன் கம்ப்யூட்டிங்' என்பதற்குப் பசுமைக் கணிமை முடிவாகிவிட்டது. அடுத்து தரவு மையங்களின் பி.யூ.இ. (பவர் யூசேஜ் எஃபெக்டிவ்னஸ்). இதை 'மின்பயன் திறன்' என்று வைத்துக்கொள்ளலாமா?

வணக்கம் ஐயா,

பசுமைக் கணிமையில் எனக்கு மறுப்பில்லை. 'மின்பயன் திறன்'தான் உதைக்கிறது. திறன் என்றால் கூடக் கூட நல்லது என்றுதான் யாரும் படிப்பார்கள். இது நேர்மாறு. தரவு மையம் மொத்தமாக இழுக்கும் மின்சாரத்தை, உள்ளே இருக்கும் சர்வர், சேமிப்பு, வலையமைப்புக் கருவிகள் மட்டும் இழுக்கும் மின்சாரத்தால் வகுத்தால் வருவது பி.யூ.இ. எண் 2 என்றால், சர்வருக்கு ஒரு யூனிட் போகும்போது ஏசிக்கும் யூ.பி.எஸ். இழப்புக்கும் விளக்குக்குமாக இன்னொரு யூனிட் போகிறது. 1-க்குக் கீழே இறங்க வழியில்லை. ஆங்கிலத்தில் வைத்த பெயரே கோணல்; அந்தக் கோணலை நாமும் ஏன் சுமக்க வேண்டும்? என் பரிந்துரை: மின்மடங்கு. "இந்த மையத்தின் மின்மடங்கு 1.5" என்று சொன்னால் விளக்கமே வேண்டாம்.

> விளக்கக் குறிப்பில் 'சுற்றுச்சூழல் அக்கறையால் நிறுவனங்கள் பின்பற்றும் அளவு' என்று போடலாம்.

இதை விட்டுவிடலாம் ஐயா. முதல் காரணம் கரண்ட் பில். கருவிகள் மட்டும் 1 மெகாவாட் இழுக்கும் மையம் ஒன்று மின்மடங்கை 1.8-லிருந்து 1.3-க்குக் கொண்டுவந்தால் வருடத்துக்கு ஏறத்தாழ 44 லட்சம் யூனிட் மிச்சம். யூனிட் 8 ரூபாய் என்றாலே மூன்றரைக் கோடி. இத்தனைக்கும் தொடக்க வேலைகள் சாதாரணமானவை: சர்வர்களை அடுக்கும் ரேக்கில் காலியாக இருக்கும் இடங்களைத் தகடு போட்டு மூடுவது, சர்வரின் பின்பக்கச் சூடு முன்பக்கக் குளிர்காற்றில் கலக்காமல் தடுப்பது. குளிர்நாட்டில் இன்னும் மலிவு. பின்லாந்தின் ஹமினாவில் பழைய காகித ஆலையை வாங்கிய கூகுள் கடல்நீரால் குளிரூட்டுகிறது. ஃபேஸ்புக் சுவீடனின் லூலியோவுக்குப் போனதற்கு வெளிக்காற்றும் ஆற்று மின்சாரமும் காரணம். சென்னைப் பக்கம் சிறுசேரியில் மே மாதக் காற்றை உள்ளே விட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை!

அப்புறம் நெருக்கடி. நிலக்கரி மின்சாரத்தைக் கைவிடச் சொல்லி, சுற்றுச்சூழல் அமைப்பான கிரீன்பீஸ் நடத்திய இயக்கத்துக்குப் பிறகு, 2011-இல்தான் ஃபேஸ்புக் இறங்கிவந்தது. ஜெர்மனியில் 2026 ஜூலை முதல் தொடங்கும் தரவு மையங்களின் மின்மடங்குக்கு 1.2 என்று சட்டமே வரம்பு வைத்திருக்கிறது. இங்கே பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி, பெரிய பட்டியலிட்ட நிறுவனங்களிடம் மின்நுகர்வுக் கணக்கை ஆண்டறிக்கையோடு கேட்கிறது. அக்கறை உள்ள நிறுவனமே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த அக்கறையை இந்த எண் அளக்காது. நிலக்கரி மின்சாரத்தில் ஓடும் மையமும் 1.1 காட்டலாம். வேடிக்கை என்னவென்றால், சும்மா ஓடும் சர்வர்களை அணைத்தால் பில் குறையும், ஏசி அதே அளவுக்குக் குறையாததால் மின்மடங்கு ஏறும்! 'திறன்' வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

---

மறுமொழி:

மின்மடங்கு பிடித்திருக்கிறது தம்பி. ஒரு தயக்கம்: மின்னணுவியலில் மின்னழுத்தத்தைப் பெருக்கும் சுற்றுக்கு 'மடங்காக்கி' என்று எழுதுகிறோம். மாணவர்கள் அதோடு குழப்பிக்கொள்ள மாட்டார்களா? 'மின்செலவு மடங்கு' என்றால் பாதுகாப்பு.

---

மறுமொழி:

சரி ஐயா. அகராதிப் பதிவில் மின்செலவு மடங்கு, கட்டுரை ஓட்டத்தில் மின்மடங்கு என்று இருக்கட்டும். விளக்கம்: 'தரவு மையத்தின் மொத்த மின்நுகர்வு, அதன் கணிமைக் கருவிகளின் மின்நுகர்வைப் போல் எத்தனை மடங்கு என்னும் எண், குறைந்தால் நல்லது.'

அடுத்து டபிள்யூ.யூ.இ. (வாட்டர் யூசேஜ் எஃபெக்டிவ்னஸ்) காத்திருக்கிறது. இதே அச்சில் 'நீர்மடங்கு' என்று யாரும் போட்டுவிட வேண்டாம். அது கருவிகள் இழுக்கும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மையம் எத்தனை லிட்டர் தண்ணீர் செலவழிக்கிறது என்ற கணக்கு. லிட்டரை யூனிட்டால் வகுத்தால் மடங்கு வராது. 'யூனிட் நீர்ச்செலவு' என்று தற்காலிகமாகக் குறித்திருக்கிறேன். யூனிட்டைத் தமிழில் 'அலகு' ஆக்கலாமா, மின்கட்டண அட்டையில் மக்கள் பார்க்கும் யூனிட்டாகவே விடலாமா?