கன்சோல் இல்லாத விபிஎஸ்ஸில் ஃப்ரீபிஎஸ்டி: ரீபூட்டுக்குப் பிறகு பிங்கூட வரவில்லை, உதவுங்கள்

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒரு விபிஎஸ், அதாவது மெய்நிகர் சர்வர், வாடகைக்கு எடுத்திருக்கிறேன். அவர்களுடைய நிர்வாகப் பக்கமான பேனலில் டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ்கள் மட்டும்தான் இருக்கின்றன. எனக்கு ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறு இயங்குதளம் வேண்டும். சர்வரின் திரையைப் பார்க்க உதவும் கன்சோல் கேட்டு டிக்கெட் போட்டேன், இந்தத் திட்டத்தில் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

நேற்று இரவு ராமிலேயே ஓடும் சிறிய ஃப்ரீபிஎஸ்டியான எம்எஃப்எஸ்பிஎஸ்டியின் இமேஜை இறக்கி, ஓடிக்கொண்டிருந்த டெபியனிலிருந்தே டிடி கட்டளையால் விடிஏ டிஸ்க் மேல் எழுதி ரீபூட் செய்தேன். பிங் இல்லை, தொலைவிலிருந்து நுழையும் எஸ்எஸ்எச்சும் இல்லை. ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு, பேனல் வழியாக மறுபடி டெபியனையே போட்டேன். எங்கே தவறு என்று பார்க்க ஒரு திரைகூட இல்லாததுதான் பெரிய கஷ்டம்.

பதில் 1:
தம்பி, இமேஜ் பூட் ஆகியிருக்கும், நெட்வொர்க்தான் ஏறியிருக்காது என்று நினைக்கிறேன். அந்த இமேஜ் மாற்றாமல் விட்டால் முகவரியைத் தானாக வழங்கும் டிஹெச்சிபியிடம் கேட்கும். டெபியனில் 'ஐபி ரூட்' என்ன காட்டுகிறது? சிஸ் அடைவுக்குள் ஃபர்ம்வேர், அதற்குள் ஈஎஃப்ஐ (புதிய பூட் முறை) என்று ஒன்று இருக்கிறதா?

கேட்டவர்:
ஈஎஃப்ஐ இல்லை அண்ணா. முகவரி ஸ்டாட்டிக் (நிலையானது), /32, அதாவது அந்த ஒரே முகவரி மட்டும் உள்ள வரம்பு. வெளியே போகும் வாசலான கேட்வே வேறு வரம்பில் இருக்கிறது, பக்கத்தில் 'ஆன்லிங்க்' என்று வருகிறது.

பதில் 1:
அப்படியானால் சிக்கல் அதுதான். டிஹெச்சிபி பதில் சொல்லவில்லை என்றால் இயந்திரம் முகவரியே இல்லாமல் உட்கார்ந்திருக்கும். முகவரியை மட்டும் கொடுத்தாலும் போதாது. /32 என்பதால் கேட்வே எங்கே இருக்கிறது என்று ஃப்ரீபிஎஸ்டிக்குத் தெரியாது. முதலில் கேட்வேக்கு அந்த இன்டர்ஃபேஸ் (நெட்வொர்க் அட்டை) வழியாக ஒரு ஹோஸ்ட் ரூட் (அந்த ஒரு முகவரிக்கான பாதை), அப்புறம்தான் மற்ற எல்லாவற்றுக்குமான டீஃபால்ட் ரூட். இரண்டையும் தொடக்க அமைப்புகள் உள்ள ஆர்சி கான்ஃப் ஃபைலில் ஸ்டாட்டிக் ரூட்டாக எழுதுங்கள். பெயரிலும் கவனம் வேண்டும்: டெபியனில் இஎன்எஸ்3 என்று இருக்கும் விர்ட்டியோ (மெய்நிகர்) அட்டை இங்கே விடிநெட்0 ஆகிவிடும்.

உங்கள் லேப்டாப்பில் ஒரு ஃப்ரீபிஎஸ்டி விஎம் (மெய்நிகர் கணினி) வைத்து, இந்த அமைப்போடு இமேஜை நீங்களே கட்டுங்கள். கட்டியதை மெய்நிகர் கணினி மென்பொருளான க்யூஎம்யூவில், விர்ட்டியோ டிஸ்க்கும் விர்ட்டியோ நெட்வொர்க்கும் கொடுத்து, ஈஎஃப்ஐ இல்லாமல் பூட் செய்து பாருங்கள். அங்கிருந்து வெளியே பிங் போகாது, அது பரவாயில்லை. முகவரியும் ரூட் அட்டவணையும் சரியாக இருக்கின்றனவா என்பதுதான் முக்கியம். சர்வரில் கிடைக்காத திரை இங்கே கிடைக்கிறது, நிதானமாகப் பாருங்கள்.

பதில் 2:
இன்னொன்று. எம்எஃப்எஸ்பிஎஸ்டியின் நிர்வாகி (root) கடவுச்சொல் ஊருக்கே தெரிந்தது. அதோடு இணையத்தில் நிற்கவிடாதீர்கள். கட்டும்போதே கடவுச்சொல்லை மாற்றி, உங்கள் எஸ்எஸ்எச் சாவியையும் உள்ளே வையுங்கள்.

எழுதும்போது இமேஜை டெவ் அடைவில் உள்ள எஸ்எச்எம்மில், அதாவது ராமில், வைத்துக்கொள்ளுங்கள். கெர்னலுக்கு நேரடிக் கட்டளை தரும் சிஸ்ஆர்கியூவுக்கு 'யூ' அனுப்பி டிஸ்க்கை ரீட்-ஒன்லி ஆக்கிவிட்டு டிடி ஓட்டுங்கள். முடிந்ததும் சாதாரண ரீபூட் கட்டளையை நம்ப வேண்டாம். அந்தக் கட்டளை இருந்த டிஸ்க்கையே நீங்கள் அழித்துவிட்டீர்கள். சிஸ்ஆர்கியூவுக்கு 'பி' அனுப்பினால் கெர்னலே நேரடியாக ரீபூட் செய்யும்.

கேட்டவர் (இரண்டு நாள் கழித்து):
வந்துவிட்டது! க்யூஎம்யூவில் பார்த்தபோது ஹோஸ்ட் ரூட் வரியில் இன்டர்ஃபேஸ் பெயரை எழுதாமல் விட்டிருந்தது தெரிந்தது. திருத்தி ஏற்றினேன், இரண்டாவது நிமிடத்தில் எஸ்எஸ்எச் திறந்தது. இப்போது எல்லாம் ராமில் ஓடுகிறது, டிஸ்க் பயன்பாட்டில் இல்லை. டிஸ்க்கில் நிறுவும் பிஎஸ்டிஇன்ஸ்டாலைத் தொடங்கலாமா அண்ணா?

பதில் 1:
தொடங்குங்கள். ஆனால் ராமில் உள்ள ஆர்சி கான்ஃப் புதிய டிஸ்க்குக்குத் தானாகப் போகாது. அதே ரூட் வரிகளை அங்கேயும் எழுதுங்கள், எஸ்எஸ்எச் சேவையான எஸ்எஸ்எச்டியை இயக்குங்கள். நிர்வாகியாக (root) எஸ்எஸ்எச்சில் நுழைய ஃப்ரீபிஎஸ்டி வழக்கமாக விடாது. நிர்வாகியாக மாற அனுமதியுள்ள வீல் குழுவில் ஒரு பயனரைச் சேர்த்து, சாவியை அவருக்கும் வைத்துவிட்டு ரீபூட் செய்யுங்கள்.