வீட்ல தமிழ் பேசுற பிள்ளைக்கு ஸ்கூல் லாங்குவேஜ் பிரைஸ் கிடையாதாம், இது சரியா?

சிட்னி அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க வெஸ்டர்ன் சிட்னில இருக்கோம், பொண்ணு இங்கயே பிறந்தவ, இப்ப இயர் 11. சனிக்கிழமை காலைல கவர்மென்ட் மொழிப் பள்ளிக்குப் போய் தமிழ் கன்டின்யுவர்ஸ் (ஏற்கனவே கொஞ்சம் மொழி படிச்சவங்க தொடர்ந்து படிக்கிற கோர்ஸ்) படிக்கிறா, அடுத்த வருஷம் ஹெச்எஸ்சி, அதாவது இங்க பள்ளியோட கடைசிப் பொதுத்தேர்வு. அந்த வகுப்புல அவதான் முதல் மார்க். அவளோட ரெகுலர் ஸ்கூல்ல டிசம்பர்ல பிரசென்டேஷன் டேன்னு பரிசளிப்பு விழா வரும், அதுல லாங்குவேஜஸ் பிரைஸ்னு ஒண்ணு உண்டு. இவ பேரும் சேருமான்னு மெயில் போட்டு கேட்டேன், "நேட்டிவ் ஸ்பீக்கர் எலிஜிபிள் இல்ல, ஜாப்பனீஸ், ஃப்ரெஞ்ச் எல்லாம் அடிப்படைல இருந்து படிக்கிற பிள்ளைங்களுக்கு அது நியாயமா இருக்காது"ன்னு பதில். எழுத்துல ஒரு ரூலும் காட்டல.

எனக்கு மனசு கேக்கல. மூணு வருஷம் முன்னாடி இவ நோட்டைத் திறந்தா பள்ளின்னு வரவேண்டிய இடமெல்லாம் பல்லின்னு இருக்கும். அங்கிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமை ராத்திரியும் உக்காந்து எழுதி எழுதி வந்தவ, அவகிட்ட போய் இது உனக்கு சும்மா வந்த மார்க்குன்னு சொல்ற மாதிரி இருக்கு. உண்மைலயே அப்படி ரூல் ஏதும் இருக்கா?

வார இறுதி டீச்சர்:
மேடம், ரெண்டு விஷயத்தை ஸ்கூல் குழப்பிக்கிட்ட மாதிரி தெரியுது. நம்ம நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துல எலிஜிபிலிட்டி ரூல் இருக்கறது உண்மைதான், ஆனா அது எந்த கோர்ஸ்ல சேரலாம்ங்கறதுக்கு, பிரைஸுக்கு இல்ல. பிகினர்ஸ் கோர்ஸ்ல ஏற்கனவே மொழி தெரிஞ்சவங்க சேர முடியாது. சைனீஸ், ஜாப்பனீஸ், கொரியன், இந்தோனேஷியன் நாலுக்கும் கன்டின்யுவர்ஸ்ல சேரவே கண்டிஷன் உண்டு: அந்த மொழி மீடியத்துல ஒரு வருஷத்துக்கு மேல ஸ்கூல் போயிருக்கக் கூடாது, கடைசி 10 வருஷத்துல மூணு வருஷத்துக்கு மேல அந்த நாட்டுல இருந்திருக்கக் கூடாது, வகுப்புக்கு வெளிய அந்த மொழிக்காரங்களோட தொடர்ந்து பேசிப் புழங்கவும் கூடாது. வீட்ல பேசுற பிள்ளைங்களுக்கு இன் கான்டெக்ஸ்ட்னு தனி கோர்ஸ், அங்கயே படிச்சு வந்தவங்களுக்கு அண்ட் லிட்ரேச்சர்னு இன்னொண்ணு. அதாவது ஒரே மொழிக்குள்ளயே பிள்ளைங்களைப் பிரிச்சு வச்சிருக்காங்க.

தமிழுக்கு அந்தப் பிரிவு கிடையாது, இருக்கறது கன்டின்யுவர்ஸ் ஒண்ணுதான். உங்க பொண்ணு அதுல முறைப்படிதான் படிக்கிறா. பிரைஸ் யாருக்குங்கறது ஸ்கூல் அவங்களா முடிவு பண்றது.

இன்னொண்ணு சொல்றேன், வெளியில இருக்கறவங்களுக்கு இது புரியறதே இல்ல. நம்ம பிள்ளைங்க வீட்ல பேசுறது ஒரு தமிழ், எக்ஸாம்ல எழுதுறது வேற தமிழ். என் வகுப்புல ஒரு பையன் "பாட்டி ஊருக்குப் போயிட்டாங்க"ன்னு கணீர்னு சொல்லுவான், அதையே எழுதச் சொன்னா "சென்றுவிட்டார்கள்"ங்கறதுக்கு ற-வா ர-வான்னு பேனாவைத் தூக்கிட்டு என் முகத்தைப் பார்ப்பான். வீட்டுப் பேச்சு காதுக்கு உதவும், ஓரலுக்கு உதவும். எழுத்து முழுக்க அவங்க உழைப்பு.

கொக்குவில் அப்பா:
வணக்கம் சகோதரி. நான் கொஞ்சம் மாறிக் கதைக்கப் போறன், கோவிக்க வேண்டாம். என்ர மகன் யாழ்ப்பாணத்திலை எட்டாம் வகுப்பு வரைக்கும் தமிழ் மீடியத்திலை படிச்சிட்டு 13 வயசிலை இஞ்ச வந்தவன். அவனும் உங்கட மகளும் எழுதுறது ஒரே சோதினை. அவன் புத்தகம் தூக்காமலே 95 எடுப்பான், பக்கத்திலை இருக்கிற பிள்ளை மாஞ்சு மாஞ்சு படிச்சு 80 எடுக்கும். போன வருசம் வகுப்பிலை அவனுக்குப் பரிசு குடுத்தவை, வாங்கிக்கொண்டு வந்து மேசையிலை வச்சிட்டு "அப்பா இது எனக்குரியது இல்லை" எண்டவன். அதாலை ஸ்கூல் ஏன் யோசிக்குது எண்டு எனக்கு விளங்குது.

ஆனா என்ர மகனையும் உங்கட மகளையும் ஒரே சொல்லுக்குள்ள போடுறது பிழை. பிள்ளை எங்க, எந்த மொழியிலை பள்ளிக்கூடம் போனது எண்டுதான் கேக்க வேணும். அம்மம்மாவோட எந்த மொழியிலை கதைக்குது எண்டு கேட்டு மார்க்கைக் கழிச்சா, நாளைக்குப் பிள்ளையள் வீட்டிலை தமிழ் கதைக்கவே பயப்பிடுங்கள்.

நியூஜெர்சி வாசி:
இங்க அமெரிக்கால இதுக்கு ரெண்டு வழி இருக்கு, உங்களுக்கு உதவலாம். காலேஜ் போர்டுங்கற அமைப்பு ஹைஸ்கூல் பிள்ளைங்களுக்கு நடத்துற காலேஜ் லெவல் ஏபி எக்ஸாம்ல, உதாரணமா ஸ்பானிஷ்ல, வீட்லயோ வெளிநாட்டுலயோ மொழியைக் கத்துக்காம வகுப்புல மட்டும் படிச்சவங்களை ஸ்டாண்டர்ட் குரூப்னு தனியா எடுத்து, அவங்க எழுதினதை வச்சுத்தான் 5 (அதுதான் அதிகபட்ச ஸ்கோர்) வாங்க எவ்வளவு வேணும்னு கட்ஆஃப் போடுவாங்க. வீட்ல ஸ்பானிஷ் பேசுற பிள்ளையும் அதே பேப்பரை எழுதி 5 வாங்கலாம், யாரும் தடுக்கறதில்ல, ஆனா அவங்களால மத்தவங்களுக்கு பாதிப்பும் வராது.

ரெண்டாவது, சீல் ஆஃப் பைலிட்டரசி. 2011ல கலிஃபோர்னியால சட்டமா வந்தது. இங்கிலீஷ்லயும் இன்னொரு மொழிலயும் தேர்ச்சி காட்டினா ஹைஸ்கூல் டிப்ளமோல முத்திரை. அம்மா மொழியா இருந்தாலும் சரி, தமிழ்ப் பிள்ளைங்க தமிழுக்கே வாங்குறாங்க. அங்க ஒருத்தருக்கு ஒருத்தர் போட்டியே கிடையாது, அளவு எட்டினியா இல்லையாங்கறதுதான் கேள்வி. பிரைஸ் ஒண்ணே ஒண்ணுன்னு இருக்கறதாலதான் இவ்வளவு சண்டையும்னு எனக்குத் தோணுது.

சிட்னி அம்மா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கொக்குவில் அண்ணா, கோவமே இல்ல, உங்க பையன் சொன்னதைப் படிச்சதும் தொண்டை அடைச்சிடுச்சு. இன்னிக்கு திரும்ப மெயில் போட்டுட்டேன். இந்த வருஷ பிரைஸ் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. நேட்டிவ் ஸ்பீக்கர்னா யாருங்கறத எழுத்துல போடுங்க, அதை ஸ்கூல் படிப்பை வச்சு முடிவு பண்ணுங்க, ஜனவரி இறுதில வகுப்பு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எல்லா பேரன்ட்ஸுக்கும் அனுப்புங்க, இவ்வளவுதான் கேட்டிருக்கேன். கூடவே அவளோட ரெண்டு கட்டுரையை ஸ்கேன் பண்ணி வச்சேன், இயர் 8ல எழுதினது ஒண்ணு, போன மாசம் எழுதினது ஒண்ணு. தமிழ் படிக்கத் தெரியாதவங்களுக்குக்கூட முதல் தாள்ல இருக்கற சிவப்பு மைக்கும் ரெண்டாவதுல இருக்கறதுக்கும் வித்தியாசம் தெரியும். பதில் வந்ததும் இங்க போடறேன்.