வேலூர் - ராணிப்பேட்டை ஐ.பி. போன்: 32 செகண்டில் கால் கட், குரலும் ஒரு பக்கம்தான்

சிப்காட்_அட்மின்
சத்துவாச்சாரியில் ஹெட் ஆபீஸ், ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் யூனிட், ஆம்பூரில் ஷூ அப்பர் தைக்கிற யூனிட். மூணுலயும் ஃபைபர் லைன், இன்டர்நெட் வழியா ஓடுற ஐ.பி. போன். ஸ்டாடிக் ஐ.பி. (மாறாத இன்டர்நெட் அட்ரஸ்) வேலூருக்கு மட்டும். கால்களை இணைக்கிற சர்வர் சாஃப்ட்வேர் ஃப்ரீபிபிஎக்ஸ் அங்கேதான் ஓடுது, ஆபீஸுக்குள்ள அதோட அட்ரஸ் 192.168.1.10. ரவுட்டர்ல யு.டி.பி. போர்ட் 5060 (காலைச் சேர்க்க), 10000 முதல் 20000 வரை (குரலுக்கு) திறந்திருக்கு.

ராணிப்பேட்டையில பேசுறது வேலூர்ல கேட்கல, வேலூர் பேசுறது அங்கே தெளிவா கேட்குது. அங்கிருந்து இங்கே அடிச்சா 32 செகண்டில் கட். இங்கிருந்து அடிச்சா கட் ஆகல. ஆம்பூர் போன் கொஞ்ச நேரம் சும்மா இருந்தா சர்வர்ல அதோட ரிஜிஸ்டர் (பதிவு) போயிடுது. ஸ்பீடு பத்தலையா?

பாலாறு_கேபிள்
ஸ்பீடுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. குரலைச் சுருக்காம அனுப்புற ஜி.711 முறையில ஒரு காலுக்கு ஒரு திசையில 87 கேபிபிஎஸ் போதும். பத்து கால் ஒண்ணா ஓடினாலும் ஒரு எம்பிபிஎஸ் தாண்டாது.

அந்த 32-லதான் விஷயம் இருக்கு. போனை எடுத்ததும் சர்வர் "200 ஓகே" அனுப்பும், எதிர்ப்பக்கம் "ஏ.சி.கே." (கிடைச்சதுங்கிற பதில்) திரும்ப அனுப்பணும். வரலன்னா சர்வர் ஓகேவைத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்துட்டு, அரை செகண்டோட 64 மடங்கு, அதாவது 32 செகண்ட் முடிஞ்சதும் காலை வெட்டிடும்.

ஏன் வரல? உங்க சர்வர் தன் அட்ரஸ்னு 192.168.1.10-ஐ எழுதி அனுப்புது. ராணிப்பேட்டை போன் ஏ.சி.கே.யையும் குரலையும் அந்த அட்ரஸுக்கே அனுப்புது, ரெண்டும் அந்த ஆபீஸை விட்டு வெளியவே வராது. அங்கே அதே நம்பர்ல ஒரு பிரிண்டர் இருந்தா, மேனேஜர் இவ்வளவு நாளும் பிரிண்டர்கிட்டதான் பேசிட்டிருக்கார்!

ஃப்ரீபிபிஎக்ஸ் செட்டிங்ஸ்ல ஆஸ்டெரிஸ்க் சிப் செட்டிங்ஸ் போங்க. ஆஸ்டெரிஸ்க்னா ஃப்ரீபிபிஎக்ஸ் உள்ளே ஓடுற எஞ்சின், சிப்னா போன்கள் காலைச் சேர்க்கப் பேசிக்கிற முறை. எக்ஸ்டர்னல் அட்ரஸ்ல ஸ்டாடிக் ஐ.பி., லோக்கல் நெட்வொர்க்ஸ்ல வேலூர் சப்நெட் (அந்த ஆபீஸோட உள் அட்ரஸ் வரிசை) மட்டும். குரல் சர்வர் வழியாவே சரியா திரும்பி வர, ஒவ்வொரு போனோட எக்ஸ்டென்ஷன்லயும் டைரக்ட் மீடியா 'நோ'; ஆர்.டி.பி. சிமெட்ரிக், ரீரைட் கான்டாக்ட், ஃபோர்ஸ் ஆர்போர்ட் மூணும் 'எஸ்'. அப்ளை கான்ஃபிக் மட்டும் பத்தாது, ஆஸ்டெரிஸ்க்கை ரீஸ்டார்ட் பண்ணுங்க. ரெண்டு பக்க ரவுட்டர்லயும் சிப் ஏ.எல்.ஜி.ங்கிற வசதியை அணைச்சிடுங்க. அது பாக்கெட்டுக்குள்ள கை வெச்சு அட்ரஸை மாத்தும். ஒரு நாள் சரியா மாத்தும், இன்னொரு நாள் தப்பா.

கோட்டை_நெட்
மேலே சொன்னது வேலை செய்யும். ஆனா 5060-ஐ ஊருக்கே திறந்து வெக்காதீங்க. பாஸ்வேர்டு தேடுற ஸ்கேனர் ராவும் பகலும் தட்டிக்கிட்டே இருக்கும், வெளி லைன் இருந்தா ஒரே ராத்திரியில வெளிநாட்டுக் கால் பில் ஏறிடும்.

அதுக்குப் பதிலா வயர்கார்டு டனல் போடுங்க, அதாவது ஆபீஸ்களுக்கு நடுவுல இன்டர்நெட்டுக்குள்ளேயே பூட்டின தனி வழி. முதல் வேலை சப்நெட் மாத்துறது: மூணு ஆபீஸும் 192.168.1-ல இருந்தா டனலுக்கு எது எங்கே இருக்குன்னே புரியாது. வேலூர் 10.20.1, ராணிப்பேட்டை 10.20.2, ஆம்பூர் 10.20.3. எல்லாம் 24 மாஸ்க், அதாவது முதல் மூணு எண் ஆபீஸுக்கு, கடைசி எண் கருவிக்கு. வேலூர்ல 51820 யு.டி.பி. மட்டும் திறந்து, பழைய 5060-ஐயும் 10000 ரேஞ்சையும் மூடிடுங்க. லோக்கல் நெட்வொர்க்ஸ்ல மூணு சப்நெட்டையும் சேர்க்கணும். விட்டா சர்வர் கிளைகளுக்கு ஸ்டாடிக் ஐ.பி.யைச் சொல்லும், மறுபடி ஊமைக் கால்.

ஆம்பூர் ரவுட்டர்ல வான் ஐ.பி. (வெளிப்பக்க அட்ரஸ்) என்ன காட்டுது? 100.64-க்கும் 100.127-க்கும் நடுவுல இருந்தா சி.ஜி.நாட், அதாவது கம்பெனி ஒரே வெளி ஐ.பி.யைப் பல கஸ்டமருக்குப் பங்கு போடுது. வெளியிலிருந்து உள்ளே வர முடியாது, உள்ளிருந்து வெளியே போகலாம். அதனால ஆம்பூர் பக்கமிருந்து டனலைத் தொடங்கி, பெர்சிஸ்டென்ட் கீப்அலைவ் 25 போடுங்க. ரிஜிஸ்டர் போற சிக்கலும் அதோட தீரும். 25 செகண்டுக்கு ஒருமுறை பாக்கெட் போனா வழி மூடாது.

டனல் சுமையையும் சேர்த்தா ஒரு காலுக்கு சுமார் 110 கேபிபிஎஸ். சிசிடிவி கிளவுட் அப்லோடு ஓடும்போது குரல் உடைஞ்சா, ரவுட்டர்ல அப்லோடை லைன் வேகத்துல 90 சதவீதத்துக்கு அடக்கி, 51820-க்கு முன்னுரிமை கொடுங்க. டேலி (கணக்கு சாஃப்ட்வேர்) பேக்கப்பை அந்த டனல்லயே விடாதீங்க, அதுவும் முன்னுரிமையில ஏறிடும்.

சிப்காட்_அட்மின்
ஆம்பூர் 100.72-னு காட்டுது. டனல் போட்டாச்சு, மூணு இடத்துலயும் ரெண்டு பக்கமும் கேட்குது, கட் ஆகல. ஆனா ராணிப்பேட்டை ஷெட்ல ரெண்டு போன்ல மட்டும் குரல் விட்டு விட்டு வருது. ஆபீஸ் ரூம் போன்ல இல்ல.

பாலாறு_கேபிள்
அந்த ரெண்டும் சுண்ணாம்புத் தொட்டிப் பக்கமா? ஜாக்கைக் கழட்டி டார்ச் அடிச்சுப் பாருங்க, பின் கருத்திருக்கும். சோடியம் சல்ஃபைடு போடுற இடத்துல கிளம்புற வாயு செம்பைத் தின்னும். கனமான தங்க முலாம் போட்ட ஜாக் மாத்துங்க, சுவர்ப் பெட்டியை மூடி வகையா வாங்குங்க. சுவிட்சை அந்தப் பக்கமே வெக்க வேணாம். ஆபீஸ் ரூம்ல இருந்து ஷெட் வரை 100 மீட்டர் தாண்டினா ஃபைபர்தான்.

கரண்டு போனா ஐ.பி. போனும் சேர்ந்து போகும். ஃபைபர் மோடம், ரவுட்டர், நெட் கேபிள்லயே போனுக்குக் கரண்டும் கொடுக்கிற பி.ஓ.இ. சுவிட்ச் மூணும் யு.பி.எஸ்.ல இருக்கணும். போனுக்கு 5 வாட்னு கணக்குப் போட்டுக்கோங்க.

சிப்காட்_அட்மின்
கருப்புதான் சார், மாத்திடுறோம். வேலூர் லேண்ட்லைனை கேட்வேல (சாதா லைனை ஐ.பி. போனோட சேர்க்கிற பெட்டி) சொருகி, ஆம்பூர்ல இருந்தும் அதே லைன்ல வெளியே அடிக்கலாமா?

கோட்டை_நெட்
உங்க ஆபீஸுக்குள்ள பேசிக்கிறது வேற. சாதா லைனை இன்டர்நெட்டோட இணைச்சு வெளியூர்க் கட்டணத்தைத் தாண்டுறது டோல் பைபாஸ், விதிப்படி தடை. லைசென்ஸ் உள்ள ஆபரேட்டர்கிட்ட சிப் டிரங்க் (ஐ.பி. வழியா வர்ற வெளி லைன்) எடுங்க. கிளைக்கு அதை நீட்டலாமான்னு எழுத்துல வாங்கிக்கோங்க. அப்புறம், அவசர நம்பர் 112 அந்த டிரங்க்ல போனா வேலூர் அட்ரஸ்தான் தெரியும். ஆம்பூர்ல ஒரு மொபைலை அதுக்குன்னு மேசையில வெச்சிடுங்க.